மானியமும் கொள்ளைநோயும்

'மானியம்' என்னும் சொல் நம் பாட்டனார் காலத்தில் நிலத்தைக் குறித்தது. பள்ளிவாசலில் விளக்கெரிக்கவும், கத்தீபுக்கும் மோதினாருக்கும் படியளக்கவும், நோன்பாளிக்கும் வழிப்போக்கருக்கும் கஞ்சி வார்க்கவும் வரி நீக்கி விடப்பட்ட நன்செய்யையும் புன்செய்யையும் அப்பெயரால் அழைத்தனர். இன்று அதே சொல் காசோலையைக் குறிக்கிறது. விண்ணப்பம் எழுதிப் பெற்று, குறித்த தேதிக்குள் செலவிட்டு முடித்து, கணக்கும் ஒப்புவிக்க வேண்டிய தொகைக்கு இன்று மானியம் என்று பெயர். ஒரே சொல்லுக்குள் அடங்கிய இவ்விரு பொருள்களுக்கும் இடையே உள்ள தொலைவு, நாடு நலமாயிருக்கும் காலத்தில் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. கொள்ளைநோய் வந்து போன பிறகுதான் அது தெரிகிறது.

நோய்க்காலத்தில் ஏழைகளுக்குச் சோறு போடுவது அறநிலையங்களின் வேலை. அந்த அறநிலையத்தின் உலையே அவிந்துவிட்டால் அதற்குச் சோறு போடுவது யார் வேலை? 2020ஆம் ஆண்டில் கொரோனாத் தொற்றால் உலகம் கதவடைத்திருந்தபோது இக்கேள்வி நாடுதோறும் எழுந்தது. ஏதோ வரலாறு காணாத நெருக்கடி என்று அன்று பலரும் பேசினர். வரலாறு அதை நன்றாகவே கண்டிருக்கிறது. அறுநூற்று எழுபது ஆண்டுகளுக்கு முன் ஷாம் நாட்டிலும் மிஸ்ரிலும் இதே கேள்வி எழுந்தது. அதற்குச் சில நல்ல விடைகளும் சில கெட்ட விடைகளும் கிடைத்தன.

ஹிஜ்ரி 726, ரமலான் பிறை ஒன்பதில், அதாவது 1326 ஆகஸ்டில், தான்ஜியர் நகரிலிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட இருபத்திரண்டு வயது இளைஞர் ஒருவர் டமாஸ்கஸ் நகருள் நுழைந்தார். பின்னாளில் உலகம் புகழ்ந்த இப்னு பதூதாவே அவர். பெரிய பள்ளிவாசலையும் கடைத்தெருக்களையும் கண்டு வியந்த அவருக்கு, எல்லாவற்றினும் பெரிய வியப்பாக அமைந்தவை அந்நகரின் வக்ஃபுகள். அவற்றின் வகைகளை எண்ணி முடியாது என்றே அவர் எழுதுகிறார். ஹஜ்ஜுக்குப் போக இயலாதவர் சார்பில் வேறொருவரை அனுப்புவதற்கு ஒரு வக்ஃபு. வசதியற்ற பெற்றோரின் பெண்மக்களுக்கு மணக்கோலச் சீர் செய்வதற்கு ஒன்று. சிறைப்பட்டோரை மீட்பதற்கு ஒன்று. வழிப்போக்கருக்கு உணவும் உடையும் ஊர்போய்ச் சேரச் செலவும் கொடுப்பதற்கு ஒன்று. தெருக்களுக்குக் கல் பாவுவதற்கும் ஒன்று.

ஒருநாள் அவர் ஒரு சந்து வழியே நடந்து செல்கையில், அடிமைச் சிறுவன் ஒருவன் கையிலிருந்த சீனத்துப் பீங்கான் தட்டு கீழே விழுந்து உடைந்தது. கூட்டம் கூடியது. அதில் ஒருவர், உடைந்த சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டு பாத்திரங்களுக்கான வக்ஃபின் பொறுப்பாளரிடம் போகுமாறு சிறுவனுக்குச் சொன்னதோடு, தாமே உடனும் சென்றார். பொறுப்பாளர் சில்லுகளைப் பார்த்தார். அதுபோன்ற தட்டின் விலையை எடுத்துக் கொடுத்தார். எசமானின் அடிக்கும் ஏச்சுக்கும் ஆளாகியிருக்க வேண்டிய அச்சிறுவனின் மனம் உடையாமல் காத்த அந்த ஏற்பாட்டை இப்னு பதூதா நெஞ்சாரப் பாராட்டுகிறார். அச்சிறுவன் விண்ணப்பம் எதுவும் எழுதவில்லை என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

வக்ஃபின் அடிப்படை நம்மவர் அறியாததன்று. கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை என்ன செய்வது என உமர் (ரலி) அவர்கள் வினவியபோது, மூலத்தை நிறுத்திவைத்து விளைவை அறத்துக்கு ஆக்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். அந்த நிலம் விற்கப்படாது, கொடையாகப் போகாது, வாரிசுக்கும் சேராது. மரம் நின்றிருக்கும், கனி மட்டும் பங்காகும். பிற்காலச் சட்ட வல்லுநர்கள் இதன்மேல் ஒரு பெரும் சட்டத்துறையையே எழுப்பினர். அதில் நம் பொருளுக்கு மிகவும் வேண்டிய விதி ஒன்று உண்டு. வக்ஃபின் வருவாயில் முதற்செலவு, அந்த வக்ஃபுச் சொத்தைப் பழுது பார்ப்பதற்கே உரியது. வக்ஃபு செய்தவர் பத்திரத்தில் அவ்வாறு எழுதாவிட்டாலும் அப்படியே. கூரை ஒழுகும் கடையைச் செப்பனிட்ட பிறகுதான் இமாமின் சம்பளமும், மாணவரின் உதவித் தொகையும், ஏழையின் ரொட்டியும். கல் நெஞ்சரின் விதி போல இது தோன்றலாம். கடை இடிந்துபோனால் அடுத்த ஆண்டு ஏழைக்கு ரொட்டியே இராது என்பதைக் கண்டறிந்தவர்களின் விதி இது.

இருபத்திரண்டு ஆண்டுகள் கழிந்தன. இதற்கிடையில் இப்னு பதூதா நம் மதுரைக்கும் வந்து போனார். அப்போது அங்கே ஆண்டிருந்த சுல்தான் கியாஸுத்தீனின் குடும்பத்தை ஒரு கொள்ளைநோய் சிதைத்ததையும், அது பற்றியவர் இரண்டு மூன்று நாளில் மாண்டதையும் அவர் எழுதிவைத்திருக்கிறார். அது எந்த நோய் என்பதில் ஆய்வாளரிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் 1348இல் அவர் மீண்டும் ஷாம் நாட்டில் அடிவைத்தபோது எதிர்கொண்ட நோயைப் பற்றி ஐயமில்லை. அதுவே தாஊன், ஐரோப்பியர் பிற்காலத்தில் கறுப்புச் சாவு என்று பெயரிட்ட பெருங்கொள்ளை. 1347 இலையுதிர்காலத்தில் அலெக்ஸாந்திரியாத் துறைமுகத்தில் இறங்கிய அந்நோய், அடுத்த ஆண்டு மிஸ்ரையும் ஷாமையும் சூறையாடியது.

டமாஸ்கஸில் ஆளுநர் அர்கூன் ஷா மூன்று நாள் நோன்பு நோற்குமாறு பறைசாற்றினார். பிறகு முஸ்லிம்கள் குர்ஆனை ஏந்தியும், யூதர்கள் தவ்ராத்தை ஏந்தியும், கிறிஸ்தவர்கள் இன்ஜீலை ஏந்தியும், நகர்ப்புறத்துப் பள்ளிவாசல் ஒன்றுக்கு அழுதுகொண்டே சென்ற காட்சியை இப்னு பதூதா நேரிற் கண்டார். ஜெரூஸலத்தில் நோய் தணிந்திருந்தது. அங்கே கத்தீப் அவரை விருந்துக்கு அழைத்தார். ஜனாஸாத் தொழுகை இல்லாமல் ஒருநாள் கழியுமாயின் விருந்து வைப்பதாக அந்தக் கத்தீப் நேர்ச்சை செய்திருந்தாராம். அந்த நாள் வந்துவிட்டிருந்தது. அடுத்து காஸாவுக்குப் போனார். ஊரின் பெரும்பகுதி வெறிச்சோடிக் கிடந்தது. அங்கிருந்த காழி, தம் நீதிமன்றத்தின் எண்பது சாட்சியாளர்களுள் காற்பங்கினரே எஞ்சியிருப்பதாகக் கூறினார். தாயகம் திரும்பும் வழியில் அவர் அறிந்த செய்தி, தம் அன்னையும் அதே நோயில் இறந்துவிட்டார் என்பது.

காஸாக் காழியின் கணக்கில் சற்றே நிற்போம். சாட்சியாளர்கள் என்று அவர் குறித்தது, பத்திரங்களில் கையொப்பமிட்டு அவற்றுக்குச் சட்ட வலுவூட்டும் நம்பகமான நகரத்தாரை. ஒரு வக்ஃபின் எல்லை எது, குத்தகை எவ்வளவு, பயனாளி யார் என்பவை தாளிலும் இருந்தன. இவர்களின் நினைவிலும் இருந்தன. நாலில் மூன்று பங்கினர் மறைந்தால் அந்நினைவும் மண்ணுக்குள் போகிறது. அறநிலையம் சாவது பணம் வற்றுவதால் மட்டுமன்று. கணக்கறிந்தவர் சாவதாலும் அது சாகிறது.

அரசு உடனடியாகச் செய்த உதவிகளும் உண்டு. அப்போது டமாஸ்கஸில் வாழ்ந்த வரலாற்றாசிரியர் இப்னு கஸீர் ஒன்றைக் குறிப்பிடுகிறார். சந்தூக்கு, மையித்தைக் குளிப்பாட்டுதல், சுமத்தல் ஆகியவற்றின்மீது அந்நாள்வரை அரசு குத்தகைவரி வாங்கிவந்தது. அது நீக்கப்பட்டதென நகரெங்கும் அறிவிக்கப்பட்டது. புதிதாக எதையும் கொடுக்காமல், பிடுங்குவதை மட்டும் நிறுத்திய உதவி அது. எனினும் இடர்க்காலத்தில் விரைந்து சென்றடையக்கூடியது அத்தகைய உதவியே.

பெருந்துன்பம் அதன் பின்னர்தான் தொடங்கியது. மிஸ்ரின் அறநிலையங்கள் பெரும்பாலும் வேளாண் நிலத்தின் விளைவையும், கெய்ரோக் கடைகள், குளியலகங்கள், குடியிருப்புகள் ஆகியவற்றின் வாடகையையும் நம்பியிருந்தன. 1284இல் சுல்தான் கலாவூன் தொடங்கிய பெரும் மருத்துவமனைக்கு மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழப் பத்து லட்சம் திர்ஹம் வருவாய் தரும் சொத்துகள் எழுதிவைக்கப்பட்டிருந்தன. தாஊனுக்குப் பின் உழவர் இல்லை. குடியிருக்க ஆளில்லாததால் வாடகையும் இல்லை. நைல் நதியின் வெள்ளத்தை வயலுக்குத் திருப்பும் கரைகளும் கால்வாய்களும் ஆண்டுதோறும் ஆள்கூட்டிப் பராமரிக்க வேண்டியவை. ஆள் குறைந்ததும் கரை உடைந்தது. கரை உடைந்ததும் நீர் தவறான இடத்தில் தேங்கியது. நல்ல நிலம் தரிசாயிற்று. இங்கிலாந்திலும் அதே நோய் அதே அளவு மக்களைக் கொன்றும், அங்கே எஞ்சிய உழவர் செழித்ததற்கும் மிஸ்ரில் எஞ்சியோர் நொடித்ததற்கும் இந்நீர்ப்பாசனச் சிதைவே தலையாய காரணம் என ஸ்டுவர்ட் போர்ஷ் என்னும் ஆய்வாளர் 2005இல் வெளியிட்ட நூலில் வாதிடுகிறார். மழையை நம்பிய நாட்டில் தரிசு நிலம் புல்வெளியாகி ஆடு மேயும். மனிதக் கையை நம்பிய நாட்டில் அது பாழ்தான்.

வருவாய் இப்படிச் சுருங்க, செலவோ ஏறியது. மிஸ்ரின் மாபெரும் வரலாற்றாசிரியரான மக்ரீஸி, தண்ணீர் சுமப்பவரும் துணி வெளுப்பவரும் கிடைக்காமற் போனதையும், குதிரைக்காரன் ஒருவனின் மாதச் சம்பளம் 30 திர்ஹத்திலிருந்து 80 திர்ஹமாக உயர்ந்ததையும் பதிவு செய்திருக்கிறார். மத்ரஸாவின் நீர்த்தொட்டியை நிரப்பும் ஆளுக்கும் அதே கதைதானே? ஆனால் வக்ஃபுப் பத்திரத்தில் அவனுக்குக் குறிக்கப்பட்ட சம்பளம் பழைய சம்பளம். வக்ஃபு செய்தவரின் நிபந்தனையை இறைச்சட்டத்தின் வாசகத்துக்கு நிகராகப் போற்றிய மரபில், இறந்தவர் எழுதிய தொகையை உயிரோடிருப்பவர் திருத்துவது எளிதன்று.

வேடிக்கை என்னவென்றால், அந்த நாட்டில் பணம் இல்லாமற் போகவில்லை. இருந்த இடத்திலிருந்து நகர்ந்து வேறிடம் சென்றது. தந்தையின் சொத்து மகனுக்கும், மகனது பேரனுக்கும் ஒரே வாரத்தில் கைமாறி, இறுதியில் பெறுவதற்கு யாருமே இல்லாமற் போன வீடுகள் எண்ணற்றவை. வாரிசற்ற சொத்து பைத்துல் மாலைச் சேரவேண்டும். அதற்கென்றே மம்லூக் ஆட்சியில் தனி அலுவலகம் இருந்தது. மரணத் தறுவாயில் இருப்போரின் பாய், பானை, சட்டை வரை பட்டியலிடும் வழக்கமும் இருந்தது. 1970களின் இடையில் ஜெரூஸலத்து ஹரம் ஷரீஃபின் அருங்காட்சியகத்தில் கண்டெடுக்கப்பட்ட ஏறத்தாழ 900 ஆவணங்களுள் இத்தகைய பட்டியல்கள் ஏராளம். அவை பெரும்பாலும் 1390களைச் சேர்ந்தவை எனினும், அந்த நடைமுறையைத் தெளிவாகக் காட்டுகின்றன.

தாஊன் வந்தபோது அரியணையில் இருந்தவர் பதின்மூன்று வயதுச் சிறுவரான சுல்தான் ஹஸன். அவர் வளர்ந்து, அரியணை இழந்து, மீண்டும் பெற்று, 1356இல் கெய்ரோக் கோட்டையின் எதிரே ஒரு பள்ளிவாசலையும் நான்கு மத்ஹபுகளுக்கும் தனித்தனி மத்ரஸாக்களையும் கட்டத் தொடங்கினார். இன்றும் கெய்ரோ செல்வோர் அண்ணாந்து பார்த்து மலைக்கும் கட்டடம் அது. நாட்டு மக்களில் பெரும்பகுதி அழிந்து பத்தாண்டும் ஆகாத நிலையில் இவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது? கொள்ளைநோயில் வாரிசின்றி இறந்தோரின் சொத்துகள் அரசுக்குச் சேர்ந்ததே அதற்கு முக்கிய ஊற்று என வரலாற்றாசிரியர் பலர் கருதுவர். செலவு மிகுந்துபோய் வேலையை விட்டுவிடலாமா என்று சுல்தானே எண்ணியதாகவும், மிஸ்ரின் அரசனால் தான் தொடங்கிய கட்டடத்தை முடிக்க இயலவில்லை என்ற பேச்சுக்கு அஞ்சியே தொடர்ந்ததாகவும் மக்ரீஸி எழுதுகிறார். 1361இல் அதன் மினாரா ஒன்று சரிந்து வீழ்ந்தது. கீழே எத்தீம் பிள்ளைகளின் மக்தபு இருந்தது. அப்பிள்ளைகள் உள்ளிட்ட ஏறத்தாழ 300 பேர் மாண்டனர்.

அந்த மத்ரஸாக்களில் நூற்றுக்கணக்கானோர் கற்றனர், உண்டனர், அதை நாம் குறைத்துப் பேசலாகாது. ஆயினும் அதே ஆண்டுகளில் நகரின் பழைய, சிறிய வக்ஃபுகள் கூரை வேயக் காசின்றி நின்றன. அவற்றைத் தூக்கி நிறுத்துவதற்குப் புதிய மாளிகையின் செலவில் ஒரு சிறு பகுதியே போதுமாயிருந்திருக்கும். தன் பெயரைப் புதுக் கல்லில் பொறிப்பதில் உள்ள இன்பம், பிறர் பெயர் பொறித்த பழைய சுவருக்குச் சுண்ணாம்பு பூசுவதில் இல்லை. கொடையாளரின் இந்தக் குணத்துக்கு நூற்றாண்டும் இல்லை, சமயமும் இல்லை.

தாஊன் செய்த நன்மை என்று ஒன்றைச் சொல்லக்கூடுமானால், குடும்ப வக்ஃபுகளின் கதையைச் சொல்லலாம். தன் மக்களும் பேரர்களும் பயன்பெறுமாறு வக்ஃபு எழுதுவோர், வம்சம் அற்றுப்போனால் விளைவு ஏழைகளுக்கோ, இரு புனித நகரங்களுக்கோ, ஒரு மருத்துவமனைக்கோ போகவேண்டும் என்ற இறுதி வாசகத்தையும் எழுதுவர். முடிவில்லாத ஓர் அறம் இறுதியில் இருந்தாக வேண்டும் என்பது சட்டம். எழுதியவர்கள் அந்த வாசகத்தை வழக்கத்துக்காக எழுதியிருக்கலாம். வம்சங்கள் வாரக்கணக்கில் அற்றுப்போன காலத்தில் அது உயிர்பெற்றெழுந்தது.

கெட்ட விடையும் கூறாமல் விடுவது நேர்மையன்று. பாழடைந்து பயன்தராத வக்ஃபுச் சொத்தை, காழியின் அனுமதியோடு வேறு நல்ல சொத்துக்கு மாற்றிக்கொள்ள ஹனஃபீ சட்டத்தில் இடமுண்டு. அதற்கு இஸ்திப்தால் என்று பெயர். கொள்ளைநோய் திரும்பத் திரும்ப வந்த நாட்டில் இது உண்மையிலேயே தேவைப்பட்ட மருந்து. ஆனால் பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஜமாலுத்தீன் யூஸுஃப் என்ற அமீர் தாம் விரும்பிய வக்ஃபுக் கட்டடம் எதுவாயினும், அது அண்டை வீட்டாருக்கும் வழிப்போக்கருக்கும் ஆபத்தானது என்று இரண்டு சாட்சிகளைச் சொல்லவைத்து, காழியின் தீர்ப்பையும் பெற்று மாற்றிக்கொண்டதை மக்ரீஸி மனம் கொதித்து எழுதுகிறார். டமாஸ்கஸ் மருத்துவமனை ஒன்றின் வக்ஃபு நிர்வாகத்தைத் தாமே ஏற்றுப் பார்த்தவர் மக்ரீஸி. ஆகவே அவர் எழுத்தில் வெறும் ஏட்டறிவு இல்லை.

இனி நம் காலத்துக்கு வருவோம். காசோலை மானியத்தின் வலிமையையும் நோவையும் தெளிவாகக் காண 2020ஆம் ஆண்டின் பிரிட்டனைப் போன்ற எடுத்துக்காட்டு வேறில்லை. மார்ச் 23இல் அங்கே ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. அறநிலையங்கள் நடத்திவந்த பழம்பொருள் அங்காடிகள் அடைபட்டன. நிதி திரட்டும் ஓட்டங்களும் விருந்துகளும் நின்றன. மூன்று மாதத்தில் 430 கோடி பவுண்டு வருவாய் இழப்பு நேரும் என்று அந்நாட்டுத் தொண்டு நிறுவனங்களின் பேரவை மதிப்பிட்டது. ஏப்ரல் 8இல் நிதியமைச்சர் ரிஷி சுனக் 75 கோடி பவுண்டு உதவியை அறிவித்தார். அதில் 36 கோடி அரசுத் துறைகள் வழியே நேராகச் செல்வது. மரணத் தறுவாயில் இருப்போரைப் பேணும் இல்லங்களுக்கு அதில் பெரும்பங்கு. 37 கோடி சிறிய, உள்ளூர் அமைப்புகளுக்கு. இழப்பையும் உதவியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோர் பெருமூச்செறிந்தனர்.

சிறிய அமைப்புகளுக்கான தொகையில் ஏறத்தாழ 20 கோடியை இங்கிலாந்தில் பகிர்ந்தளித்தது தேசிய லாட்டரிச் சமூக நிதியம். எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மானியங்கள் சில மாதங்களுக்குள் வழங்கப்பட்டன. சராசரி 25,000 பவுண்டுக்கும் குறைவு. அதன் விரைவு பாராட்டத்தக்கது. ஆனால் முஸ்லிம் அமைப்புகளுக்கு இங்கே ஓர் இடறல் இருந்தது. சூதாட்டப் பணம் என்பதால் லாட்டரி நிதியைத் தொடாத பள்ளிவாசல்களும் சங்கங்களும் அங்கே பல. இந்த நிதியோ லாட்டரிப் பணம் அன்று, அரசுக் கருவூலப் பணம். கொடுக்கும் கை மட்டுமே லாட்டரியின் கை. பெயர்ப்பலகையைப் பார்த்துத் திரும்புவதா, பணத்தின் மூலத்தைப் பார்த்து வாங்குவதா என்னும் இக்கேள்வி சிறுகேள்வியன்று. பேணுதலுக்காகத் தயங்கியவர்களை நான் எள்ளி நகையாட மாட்டேன். ஆயினும் மூலத்தை ஆராய்ந்து முடிவு செய்வதே ஃபிக்ஹு வல்லாரின் வழியென்பது என் துணிபு.

அந்த மாதங்களில் பள்ளிவாசல்களின் நிலை இரட்டிப்புக் கடினம். வெள்ளிக்கிழமைத் தொழுகை நின்றதால் வசூலும் நின்றது. ரமலான் மாதம் முழுவதும் கதவடைத்தே கழிந்தது. அப்போதுதான் வேலை மிகுந்தது. பர்மிங்ஹாமின் கம்கோல் ஷரீஃப் பள்ளிவாசல் தன் வாகனங்கள் நிற்கும் திடலில் தற்காலிகப் பிணவறை அமைத்தது. ஏழாம் நூற்றாண்டு முதல் நம் சமூகம் செய்துவந்த கடமைதான், மையித்துகளைக் கண்ணியமாக வழியனுப்பும் கடமை. ஆசிய, ஆப்பிரிக்க வழியினரின் அமைப்புகளைப் பற்றி உபேலே என்னும் நிறுவனம் 2020இல் ஆராய்ந்தபோது, சிறியவற்றுள் பத்துக்கு ஒன்பது, நெருக்கடி மூன்று மாதத்துக்குமேல் நீடித்தால் மூடப்படும் நிலையில் இருப்பதாகத் தெரிந்தது. சேமிப்பு இல்லை; சொந்தக் கட்டடம் இல்லை; விண்ணப்பம் எழுதத் தேர்ந்த ஆளும் இல்லை. நோயால் மிகுதியும் மாண்டவர்கள் எந்தச் சமூகத்தினரோ, அவர்களின் அமைப்புகளே மானியத்தின் வாயிலில் கடைசியில் நின்றன.

பிரிட்டனின் கொடையாளர்கள் செய்த நற்செயல் ஒன்றையும் சொல்லவேண்டும். ஊரடங்கு அறிவிக்கப்படுவதற்கு முன்பே, லண்டனின் நிதியளிப்போர் கூட்டமைப்பு ஓர் உறுதிமொழி தயாரித்து, நூற்றுக்கணக்கான கொடை நிறுவனங்களை அதில் கையொப்பமிடச் செய்தது. அறிக்கைக்கு நெருக்கமாட்டோம், கெடுவைத் தள்ளிப்போடுவோம், ஒரு வேலைக்கென்று கொடுத்த பணத்தை வேறு அவசரத்துக்குச் செலவிட்டாலும் ஒப்புக்கொள்வோம் என்பது அதன் சாரம். ஹிஜ்ரி 18இல் மதீனாவைப் பஞ்சம் வாட்டிய சாம்பல் ஆண்டில், உமர் (ரலி) அவர்கள் ஜகாத் வசூலையே நிறுத்திவைத்து, மழை பெய்து மண் குளிர்ந்த பின் மறுவருடம் இரண்டாண்டுக்கும் சேர்த்து வாங்கச் சொன்னதும், அதில் ஒரு பாதியை வாங்கிய இடத்திலேயே பங்கிடச் செய்ததும் இங்கே நினைவுக்கு வருகின்றன. அம்வாஸ் கொள்ளைநோய் ஷாமைச் சூறையாடி ஓய்ந்ததும் அவர்கள் தாமே அங்கே பயணம் செய்து, சிதறிக் கிடந்த வாரிசுச் சொத்துகளைப் பங்கிட்டுக் கொடுத்துத் திரும்பினார்கள். கலீஃபாவின் முதல் நிவாரணப் பணி கணக்குத் தீர்ப்பதாக இருந்தது.

நம் நாட்டில் அதே 2020 செப்டம்பரில் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் திருத்தப்பட்டது. பெரிய நிறுவனம் தான் பெற்ற வெளிநாட்டு நன்கொடையைச் சிற்றூர் அமைப்புக்குப் பிரித்தளிப்பது தடுக்கப்பட்டது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. நிர்வாகச் செலவு என்றாலே களவு என்று நினைக்கும் மனப்பான்மை நம்மிடையேயும் உண்டு. கணக்கு எழுதுபவருக்கும் கூரை செப்பனிடுபவருக்கும் முதற்பங்கு கொடுத்த பழைய ஃபிக்ஹு நூலார் இதைக் கேட்டால் என்ன சொல்லியிருப்பர் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு.

பிரிட்டனின் அரசு மானியம் ஏறத்தாழ ஆறு மாதச் செலவுக்கானது. அது தீர்ந்தது, நோயின் பின்விளைவு தீரவில்லை. அப்போது ஈடுகொடுத்தவை சில பழைய ஏற்பாடுகளே. 2017இன் தீவிபத்து, குண்டுவெடிப்புத் துயரங்களுக்குப் பின், அடுத்த பேரிடருக்கென முன்கூட்டியே சிந்தித்து 2019இல் தொடங்கப்பட்ட தேசிய அவசரநிலை அறக்கட்டளை, 2020இல் 10 கோடியை நெருங்கிய தொகையைத் திரட்டி, மாவட்டந்தோறும் நிலைமுதல் வைத்திருந்த 46 சமூக அறக்கட்டளைகள் வழியே பங்கிட்டது. அவ்வறக்கட்டளைகளுக்கு எந்தத் தெருவில் எந்தச் சங்கம் உண்மையாக வேலை செய்கிறது என்பது முன்பே தெரியும். இன்னொன்று, 2018இல் அறநிலைய ஆணையம் தொடங்கிய பணி. ஐந்தாண்டுகளாக வரவும் செலவும் இல்லாமல் வங்கியில் உறங்கும் பழைய அறக்கட்டளைகளைத் தேடிப் பிடித்து, அறங்காவலர் இறந்தோ முதிர்ந்தோ போயிருந்தால், அப்பணத்தை மாவட்டத்தின் சமூக அறக்கட்டளைக்கு மாற்றும் பணி அது. மூல நோக்கம் மறைந்தால் அதற்கு மிக அணுக்கமான வேறு நோக்கத்துக்குத் திருப்பலாம் என்பது ஆங்கிலச் சட்டத்தின் பழைய கொள்கை. நம் குடும்ப வக்ஃபின் இறுதி வாசகத்துக்கு அது ஒன்றுவிட்ட தம்பி முறை.

எங்கள் ஊர்ப் பள்ளிவாசலுக்கும் மானிய நிலம் உண்டு. 2020 ரமலானில் பள்ளி மூடிக் கிடந்தபோது உண்டியல் காலி. பள்ளிக்குச் சொந்தமான கடைகளும் அடைத்திருந்ததால் வாடகை வரவில்லை. மோதினாரின் நான்கு மாதச் சம்பளம் அந்த நிலத்தின் குத்தகை நெல்லிலிருந்துதான் போயிற்று. அந்தக் குத்தகையும் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் பேசிய பழைய குத்தகை. அதை மறுபடி பேசவேண்டும் என்று ஜமாஅத்துக் கூட்டத்தில் மூன்று முறை தீர்மானம் எழுதியிருக்கிறார்கள். நிலத்தின் எல்லையை அறிந்திருந்த பெரியவர் 2021இல் மவுத்தாகிவிட்டார்.